வாசலிலிருந்து வாசல் வரை

பொழுது புலர இன்னும் நேரமிருந்த ஐந்து மணி வேளையில், பெரும்பாக்கத்தின் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு எதிரே உள்ள பஸ் நிறுத்தத்தில், முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு, துணிப்பை ஒன்றை இடுப்போடு அணைத்தபடி ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் அவளைப் போலவே பத்துப் பதினைந்து பெண்கள் நின்றார்கள். எல்லோரும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பிறர் வீட்டு வாசலைத் தெளித்து, பாத்திரம் தேய்த்து, அதில் வரும் சம்பளத்தில் தங்கள் குழந்தைகளைப் படிக்க வைக்கிறவர்கள். நகரத்தின் நடுவே ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தி, கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியேற்றியபோது, வீடு கொடுத்த சர்க்கார் வேலைக்குப் போகும் வழியையும் கூடவே கொடுத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டே நானும் அன்று அந்த நிறுத்தத்துக்குப் போயிருந்தேன்.

"முன்னெல்லாம் நடந்து போற தூரம்தான் சார். இப்ப பஸ்ஸு வந்தா வேலை, வரலேன்னா அன்னைக்குச் சம்பளம் போச்சு. ஏழு மணிக்குள்ள போகலேன்னா அந்த வூட்டு அம்மாவுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்" என்றாள் அந்த அம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. தினமும் கணக்குப் பார்த்துப் பழகியவர்களின் நிதானம் இருந்தது.

அரை மணிக்குப் பிறகு வந்த பஸ்ஸின் முதற்படி அவளுடைய முழங்கால் உயரத்துக்கு இருந்தது. கைப்பிடியைப் பற்றி உடம்பை மேலே இழுத்துக்கொண்டு அவள் ஏறினாள். சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம், பெருங்குடி என்று பழைய மகாபலிபுரம் சாலையில், எழும்பிக்கொண்டிருக்கும் மெட்ரோ தூண்களின் ஓரமாக அந்த பஸ் ஊர்ந்தும் நின்றும் நகர்ந்தது. இரண்டாவது பஸ் மாறி மந்தைவெளியில் இறங்கிய பிறகு, வேலை செய்யும் வீட்டுக்கு முந்நூறு மீட்டர் தூரம்தான். ஆனால் அந்த முந்நூறு மீட்டரிலும் நடைபாதை என்று ஒன்று இருந்த இடத்தில் மின்சாரப் பெட்டியும், அதற்கடுத்து நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்களும், அதற்கடுத்து பெயர்ந்து கிடந்த கல்லும் இருந்தபடியால், அவள் வாகனங்களின் நடுவே சாலையில் இறங்கித்தான் நடந்தாள்.

ஒரு நகரத்தின் போக்குவரத்தை அளப்பதற்கு இந்த அம்மாளின் பிரயாணத்தை விட நேர்மையான அளவுகோல் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரயாணம் என்பது பஸ்ஸில் ஏறுவதிலிருந்து இறங்குவது வரை அன்று; அது வீட்டு வாசலில் தொடங்கி வேலை செய்யும் இடத்தின் வாசலில் முடிகிறது. அந்த நீண்ட சங்கிலியில் நடை ஒரு கண்ணி, காத்திருப்பு ஒரு கண்ணி, பஸ் ஒரு கண்ணி, ரயில் ஒரு கண்ணி, சைக்கிள் ஒரு கண்ணி. நாம் ஐம்பது ஆண்டுகளாகக் கண்ணிகளைத் தனித்தனியே பொன்னால் செய்ய முயன்று, அவற்றைக் கோத்துக்கொடுக்கும் காரியத்தைச் செய்யாமல் விட்டுவிட்டோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு காலத்தில் முன்னோடி

இந்த நகரம் பொதுப் போக்குவரத்தில் பின்தங்கிப் பிறந்த நகரம் அன்று. இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார டிராம் வண்டி ஓடியது சென்னையில்தான். 1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி தொடங்கிய அந்த வண்டிகள், 1953 ஏப்ரல் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊர் ஜனங்களைச் சுமந்தன. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ஒரு பாதையை ஒட்டியே மாம்பலமும் சைதாப்பேட்டையும் குரோம்பேட்டையும் வளர்ந்தன. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடைத்தெருவும், கடைத்தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடும் அமைந்த அந்தப் பழைய குடியிருப்புகளின் சௌகரியத்தை இன்றைக்கும் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் நடப்பவர்கள் உணரலாம். 1972 ஜனவரியில் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அதன் பஸ்கள் நகரத்தின் அடையாளமாயின.

அந்தக் காலத்தில் சைக்கிளின் ஸ்தானம் எத்தகையது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்புவது கடினம். 1970-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்த நகரத்தில் நிகழ்ந்த பிரயாணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது; ஐந்தில் இரண்டு பங்கு பஸ்ஸில் நடந்தது; மோட்டார் பொருத்திய இருசக்கர வாகனங்களின் பங்கு நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை இயங்கிவந்தது. தெருவுக்குத் தெரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. சிறுவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். டைனமோ விளக்கு எரியாமலும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு 'டபுள்ஸ்' போயும் போலீஸ்காரரிடம் அகப்பட்டுக் கொண்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆபீஸ் குமாஸ்தா முதல் ஆலைத் தொழிலாளி வரை, பள்ளி ஆசிரியர் முதல் தபால்காரர் வரை, அந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் இந்த ஊர் உழைக்கப் போயிற்று.

2008-ஆம் ஆண்டில் மறுபடி கணக்கெடுத்தபோது சைக்கிளின் பங்கு நூற்றுக்கு ஆறாகச் சுருங்கியிருந்தது. பஸ்ஸின் பங்கு கால்வாசியாகக் குறைந்திருந்தது. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் மற்றொரு கால்வாசியைப் பிடித்துக்கொண்டிருந்தன. இதை ஜனங்களின் விருப்பம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பஸ்ஸுக்காக முக்கால் மணி காத்திருந்தும் இடம் கிடைக்காதவன், சைக்கிளில் போனால் லாரி இடித்துவிடுமோ என்று அஞ்சுகிறவன், நடக்கலாம் என்றால் நடைபாதை இல்லாதவன், கடன் வாங்கியாவது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்வதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? அது வேறு கதியில்லாத நிலை. நகரம் தன் குடிமக்களைத் தள்ளிய திசையிலே அவர்கள் போனார்கள்.

பஸ்ஸின் கணக்கு

நகரப் போக்குவரத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்திருக்கும் தர அளவின்படி, ஆயிரம் பேருக்கு 0.6 பஸ், அதாவது லட்சம் பேருக்கு 60 பஸ்கள் இருக்க வேண்டும். 2011 ஜனக் கணக்கின்போதே சென்னைப் பெருநகரத்தின் ஜனத்தொகை 85 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இன்று ஒரு கோடி என்று குறைத்து வைத்துக்கொண்டாலும் 6,000 பஸ்கள் வேண்டும். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பவை மூவாயிரத்துச் சொச்சம். அந்த மூவாயிரத்துச் சொச்சத்தைக் கொண்டே அந்த ஸ்தாபனம் நாள்தோறும் 30 லட்சம் பிரயாணங்களுக்கு மேல் நடத்திக் கொடுக்கிறது என்பதை நினைக்கும்போது, வெயிலிலும் நெரிசலிலும் வண்டி ஓட்டும் டிரைவர்களுக்கும், கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் சில்லறை கொடுக்கும் கண்டக்டர்களுக்கும் இந்த நகரம் பட்டிருக்கும் கடன் புலப்படும்.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று உத்தரவானதும், சுதந்திரமாக நடமாடுவது என்பது எத்தனை பேருக்கு அந்தக் கட்டணத்தால் தடைப்பட்டிருந்தது என்பது தெரியவந்தது. பெரும்பாக்கத்து அம்மாள், மாதச் சம்பளத்தில் பஸ்ஸுக்கென்று எடுத்து வைத்த தொகையை இப்போது மகளின் டியூஷனுக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். கொள்கை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. ஆனால் கட்டணத்தை நீக்கிய கை, பஸ்களின் எண்ணிக்கையையும் அதே வேகத்தில் பெருக்கியிருக்குமானால், அந்த விடுதலை முழுமையாகியிருக்கும். காத்திருக்கும் நேரமும் ஒருவகைக் கட்டணமே, அதை ஏழைகளே அதிகமாகச் செலுத்துகிறார்கள்.

பஸ் கழகம் நஷ்டத்தில் ஓடுகிறது என்ற குறை எப்போதும் சொல்லப்படுகிறது. ஒரு மேம்பாலம் எவ்வளவு லாபம் ஈட்டியது என்று ஒருவரும் கேட்பதில்லை. சாலை விளக்குகளுக்கு லாப நஷ்டக் கணக்கு எழுதுவதில்லை. கார் வைத்திருப்பவர் போகும் சாலையைப் பொதுச் சேவை என்றும், கார் இல்லாதவர் போகும் பஸ்ஸை நஷ்ட வியாபாரம் என்றும் கருதும் இந்த மனோபாவம் மாறாதவரை, எத்தனை திட்டங்கள் தீட்டினாலும் பயன் இல்லை.

இடத்தின் கணக்கையும் பார்க்கலாம். மூன்று, மூன்றரை மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், ஒரு மணி நேரத்தில், தனியார் வாகனங்களில் 600 முதல் 1,600 பேர் வரை கடந்து செல்லலாம் என்பதும், அதே தடத்தைப் பஸ்ஸுக்கென்று தனியே ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை செல்லலாம் என்பதும் உலகெங்கும் நகரப் போக்குவரத்து வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட பொதுக் கணக்கு. நம்முடைய அண்ணா சாலையை இனி அகலப்படுத்த முடியாது. இருபுறமும் கட்டடங்கள் நிற்கின்றன. அகலத்தை எப்படிப் பங்கிடுவது என்ற ஒரே கேள்விதான் மிச்சம். அந்தக் கேள்விக்கு 2006-ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை ஏற்கெனவே விடை சொல்லியிருக்கிறது: சாலையின் இடத்தை வாகனங்களை வைத்து அல்ல, மனிதர்களை வைத்துப் பங்கிட வேண்டும் என்று. கொள்கை எழுதி இருபது ஆண்டுகள் ஆகின்றன. அண்ணா சாலையில் பஸ்ஸுக்கென்று ஒரு தடம் இன்னும் பிறக்கவில்லை.

கோக்கப்படாத கண்ணிகள்

அன்று காலை நான் ஏறிச் சென்ற பஸ், மத்திய கைலாஸ் சந்திப்பின் நெரிசலில் திணறிக்கொண்டிருந்த அதே வேளையில், சிறிது தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் பறக்கும் ரயில் எந்த நெரிசலும் இல்லாமல் மந்தைவெளியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்த பெண்களில் ஒருவரும் அதில் போவதில்லை. காரணம் கேட்டேன். நிலையம் நிறுத்தத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது, நடக்கும் வழி இருட்டாக இருக்கிறது, படிகள் அதிகம், அங்கே தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும். நான்கு காரணங்களில் ஒன்றுகூட ரயிலைப் பற்றியது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இடைப்பட்ட வெளியைப் பற்றியவை.

பறக்கும் ரயிலின் சரித்திரமே அந்த இடைவெளியின் சரித்திரம்தான். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் அது நீண்டது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை எஞ்சியது வெறும் ஐந்து கிலோமீட்டர். அந்த ஐந்து கிலோமீட்டர் சேர்ந்தால் பறக்கும் ரயிலும் தாம்பரம் மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்ளும். 2008-இல் தொடங்கிய அந்த வேலை, நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால், பதினைந்து ஆண்டுகள் கடந்தும் முடியாமல் இழுபட்டது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய பெரிய பெரிய நிலையங்கள், அந்தச் சிறு இணைப்பு இல்லாத குறையால், ஜனங்களுக்காகக் காத்துக் கிடந்தன.

2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. விசாலமான, சுத்தமான, நன்றாகக் கட்டப்பட்ட நிலையம் அது. தாம்பரம், செங்கல்பட்டு ரயில் பாதை அதற்கு எதிரிலேயே போகிறது. ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நின்று செல்ல நிலையம் இல்லை. ரயில் பிடிக்க விரும்புகிறவர் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது. நள்ளிரவில் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் மூட்டை முடிச்சுகளோடும் தூங்கும் குழந்தைகளோடும் வந்து இறங்கிய குடும்பங்கள், எதிரே தண்டவாளம் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டே மாநகர பஸ்ஸுக்குக் காத்து நின்றன. பஸ் நிலையம் கட்டியவர்களும் ரயில் பாதைக்குப் பொறுப்பானவர்களும் தத்தம் காரியத்தைத் தத்தம் கால அட்டவணைப்படி செய்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் ஜனங்களின் கையில் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு எவரிடமும் இல்லை. தனித்தனி மனிதர்களின் அசிரத்தையைக் காட்டிலும் பெரிய குறை இது. நிர்வாகத்தின் அமைப்பிலேயே உள்ள குறை.

இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்ற அமைப்புக்கு 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் 2019-இல்தான் நடைமுறைக்கு வந்தது. குழுமத்தின் முதற் கூட்டம் 2022 நவம்பரில் நடந்தது. ஒரு குழந்தை பிறந்து ஆறாம் வகுப்புக்குப் போகும் காலம் அது. காலம் கடந்தாலும் அதன் பலன் தெரியத் தொடங்கியிருக்கிறது: பஸ், மின்சார ரயில், மெட்ரோ ஆகிய மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு எடுக்கும் 'சென்னை ஒன்' ஏற்பாடு 2025 செப்டம்பரில் வந்தது. ஆனால் ஒரே சீட்டு என்பது ஆரம்பம் மட்டுமே. ரயில் வந்து நிற்கும் நேரத்துக்கு நிலைய வாசலில் பஸ் நிற்பதும், மெட்ரோவுக்கு இணையாக ஓடும் பஸ்களை அதற்குக் குறுக்கே ஓடும் பஸ்களாக மாற்றி உட்பகுதிகளிலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து சேர்ப்பதும், புதிய குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கும்போதே அங்கே பஸ் போகுமா என்று கேட்பதும் அந்தக் குழுமத்தின் அதிகாரத்துக்குள் வர வேண்டும். யோசனை சொல்லும் சபையாக மட்டும் அது இருந்துவிடக் கூடாது. பணம் பங்கிடும் உரிமை இல்லாத அமைப்பின் பேச்சை எந்த இலாகாவும் கேட்காது.

1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கிறது. பெரும்பாக்கத்தில் நிகழ்ந்தது இனி எத்தனை ஊர்களில் நிகழப்போகிறது என்பதை இந்த ஓர் எண்ணே எச்சரிக்கிறது.

இரண்டு சக்கரங்களின் கண்ணியம்

மந்தைவெளியிலிருந்து திரும்பும் வழியில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கண்டேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பிடித்து, அங்கே உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ரப்பர்த் துண்டை ஒட்டி, சுத்தியலால் மெல்லத் தட்டினார். பிறகு சக்கரத்தைத் தலைகீழாகச் சுழலவிட்டு, கண்ணை இடுக்கிப் பார்த்து, ஸ்போக்ஸை ஒவ்வொன்றாக முடுக்கிக் கோட்டம் எடுத்தார். முன்பு ஒரு நாளைக்கு இருபது வண்டி வரும், இப்போது நாலைந்து வந்தால் அதிகம் என்றார். அந்த நாலைந்தும் யாருடையவை என்று விசாரித்தேன். வாட்ச்மேன், பால்காரர், கட்டட வேலைக்குப் போகும் வடநாட்டுத் தொழிலாளர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று வரிசையாகச் சொன்னார்.

சைக்கிள் இந்த நகரத்தை விட்டுப் போய்விடவில்லை. குரல் இல்லாதவர்களின் வாகனமாக அது ஒடுங்கிவிட்டது, அவ்வளவே. அதனாலேயே திட்டம் தீட்டும் மேஜைகளில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ஓய்வு நாளில் உடற்பயிற்சிக்கு ஓட்டுபவருக்காக ஒரு கடற்கரைச் சாலையில் கோடு போடுவதோடு காரியம் முடிந்ததாகக் கருதப்படுகிறது. இரவு வேலை முடிந்து எட்டுக் கிலோமீட்டர் மிதித்து வீடு திரும்பும் வாட்ச்மேனுக்கு அந்தக் கோடு உதவுவதில்லை.

சைக்கிளின் சக்தியைத் தமிழ்நாட்டுக்கு யாரும் வெளியிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. வயலில் உழைத்த பெண்களும், கல் குவாரியில் உழைத்த பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறினார்கள். கணவனோ மகனோ அழைத்துப் போகும்வரை காத்திருந்தவர்கள், குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு தாங்களே தண்ணீருக்குப் போனார்கள். அதன் பிறகு, 2001-ஆம் ஆண்டளவில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான புதிய சைக்கிள்களைத் தன் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் ராஜ்யம் இது. சைக்கிளைக் கொடுத்த சர்க்கார், அதை ஓட்டிப் போக ஒரு பத்திரமான வழியையும் கொடுத்தாலன்றி, அந்த நற்செயல் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்றுக்கொண்ட கொள்கை இந்த வழியை வகுத்துத் தந்தது. சாலைப் போக்குவரத்துக்கான செலவில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும் என்று அது சொன்னது. இந்தியாவில் அப்படித் துணிந்து சொன்ன முதல் நகரங்களில் இது ஒன்று. அதன் பயனாகப் பல சாலைகளில் அகலமான நடைபாதைகள் எழுந்தன. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜார் நடப்பவர்களின் வீதியாக மாறியது. முதியவர்கள் அங்கே மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கிற எவருக்கும், தெரு என்பது கடந்து செல்வதற்கு மட்டுமே உள்ள இடம் அன்று என்பது விளங்கும். ஆனால் நடைபாதைக்குக் கிடைத்த அக்கறையில் கால்பங்கும் சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை. அதே ஆண்டில் தொடங்கிய வாடகைச் சைக்கிள் ஏற்பாடும் நிலைக்கவில்லை. ஓட்டிச் செல்லத் தடம் இல்லாத ஊரில் நிலையத்தில் சைக்கிளை மட்டும் நிறுத்தி வைத்தால் வேறு என்ன ஆகும்?

பிற நகரங்கள் கற்ற பாடம்

ஹாலந்து தேசத்தைச் சொன்னால், அது பிறவியிலேயே சைக்கிள் தேசம் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அங்கும் கார்கள் பெருகின, அகலச் சாலைகளுக்காகப் பழைய வீதிகள் இடிக்கப்பட்டன, சைக்கிள்கள் ஓரங்கட்டப்பட்டன. 1971-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர் பொறுக்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்து, வீதிகளில் உட்கார்ந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று சர்க்கார் உத்தரவிட்டபோது, வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் ஜனங்கள் சைக்கிளில் உலாவினார்கள். அதன் பிறகு எடுத்த கொள்கை முடிவுகளால்தான் இன்றைய ஹாலந்து பிறந்தது. உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். ரயிலும் சைக்கிளும் அங்கே ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள் போல இயங்குகின்றன.

நம்முடைய வெயிலில் சைக்கிள் மிதிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் பெரும்பாலான பிரயாணங்கள் காலையிலும் மாலையிலும் நிகழ்கின்றன. நிலையம் வரையுள்ள தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர், பத்துப் பதினைந்து நிமிஷம். அந்த வழியில் ஒரு வரிசை புங்கமரமோ வேப்பமரமோ நிழல் கொடுக்குமானால் வெயில் பெரிய தடையாகாது. நம் முன்னோர் பெருவழிகளின் இருமருங்கும் புளியமரம் வைத்தது நடப்பவர்களை நினைத்துத்தான். சாலை அகலப்படுத்த அந்த மரங்களை வெட்டிவிட்டு வெயிலைக் குறை சொல்வது தகாது.

கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவின் நிலைமை நம்முடையதுக்கு இன்னும் நெருக்கமானது. செல்வம் மிகுந்த நகரம் அன்று அது. எனினும் என்ரிக்கே பெனலோசா மேயராக இருந்தபோது, 2000 டிசம்பரில், பெரிய சாலைகளின் நடுவே பஸ்ஸுக்கென்று தனித் தடங்களைத் திறந்தார்கள். நிலையத்திலேயே கட்டணம் செலுத்திவிட்டு, பஸ்ஸின் தளத்தோடு ஒரே மட்டத்தில் அமைந்த மேடையிலிருந்து பிரயாணிகள் நேரே உள்ளே நடந்து போகிறார்கள். படியேறும் சிரமமும், உள்ளே சீட்டுக் கிழிக்கும் தாமதமும் இல்லாததால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நேரம் குறைகிறது. ஆமதாபாத் நகரம் இதே முறையை 2009-இல் தொடங்கி நடத்திவருகிறது. டெல்லியோ 2008-இல் ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு துண்டில் தொடங்கி, கார் வைத்திருப்பவர்களின் எதிர்ப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல், 2016-இல் அதை அகற்றிவிட்டது. அறுந்த துண்டாகப் போட்ட தடத்தின் பலனும் அறுந்த பலனாகவே இருக்கும். பலனை அனுபவித்தவர்கள் குறைவாகவும் அசௌகரியத்தை அனுபவித்தவர்கள் அதிகமாகவும் இருந்தால் எந்த நல்ல திட்டமும் நிலைக்காது. சென்னையில் பஸ் தடம் போடும் நாளில், நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அதைப் போட்டாக வேண்டும்.

செய்யத்தக்கவை

பெருஞ்செலவு செய்ய நம் ஆட்சியாளர்கள் தயங்கவில்லை. மெட்ரோ ரயிலின் முதற்கட்டம் 2015-இல் தொடங்கி இன்று 54 கிலோமீட்டர் ஓடுகிறது. 63,246 கோடி ரூபாய்ச் செலவில் 118.9 கிலோமீட்டருக்கு இரண்டாம் கட்டம் நடந்துகொண்டிருக்கிறது. இந்தப் பெருஞ்செல்வம் முழுப்பயன் தர வேண்டுமானால், அதன் ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள், தடையற்ற நடைபாதையும், சைக்கிளுக்கு மேடு கட்டிப் பிரித்த தனித் தடமும், நிலைய வாசலிலேயே கூரையும் காவலும் உள்ள சைக்கிள் நிறுத்துமிடமும், சிற்றுந்து வந்து திரும்ப இடமும் நிலையத்தோடு சேர்த்தே கட்டப்பட வேண்டும். நிலையம் திறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு நடைபாதையை நினைப்பது, வீடு கட்டிக் குடிபுகுந்த பிறகு வாசற்படியை நினைப்பது போன்றது.

பஸ்களின் எண்ணிக்கை இரட்டிப்பாக வேண்டும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு பஸ்ஸும் தாழ்தளமாக இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்ற உரிமையின் பலனாக 2024 முதல் தாழ்தள பஸ்கள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. 2025 ஜூனில் 120 தாழ்தள மின்சார பஸ்களும் வந்தன. சக்கர நாற்காலிக்காரருக்காகக் கேட்டுப் பெற்ற அந்தத் தாழ்ந்த படி, கர்ப்பிணிக்கும், முழங்கால் வலிக்கிற பாட்டிக்கும், பெரும்பாக்கத்து அம்மாளுக்கும் சேர்ந்தே உதவுகிறது. பலவீனரை நினைத்துச் செய்யும் காரியம் எல்லோருக்கும் சௌகரியமாக முடிகிறது என்பது நகர நிர்வாகத்தின் பழைய உண்மை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் இலவசம் என்ற எண்ணம் போக வேண்டும். சாலையோரத்தில் நாள் முழுவதும் நிறுத்தி வைத்த ஒரு கார், பொது நிலத்தில் பத்து சதுர மீட்டருக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு காசும் கொடுப்பதில்லை. அந்த இடத்துக்கு நியாயமான கட்டணம் வாங்கி, அதைக் கொண்டே அதே தெருவின் நடைபாதையைச் செப்பனிட்டால், கொடுத்தவருக்கும் குறை இராது. அவரும் காரிலிருந்து இறங்கினால் நடப்பவரே.

மெட்ரோ தூண்களுக்கு அடிக்கல் நாட்ட வரும் பெரியவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒருநாள் அதிகாலையில் பெரும்பாக்கத்து நிறுத்தத்தில் நின்று, அந்த அம்மாளோடு ஏறி, இரண்டு பஸ் மாறி, அவளோடு மந்தைவெளியில் இறங்கி நடந்து பாருங்கள். அதன் பிறகு எந்தப் புதுத் திட்டத்தின் வரைபடம் மேஜைக்கு வந்தாலும், அதில் அந்த முந்நூறு மீட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அன்று நான் அவளிடம் விடைபெற்றபோது மணி ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. மின்சாரப் பெட்டியைச் சுற்றிச் சாலையில் இறங்கி, எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி நின்று, மறுபடி ஓரமேறி, அவள் வேகமாக நடந்து போனாள்.